மைனர் எடுத்த கதை

"மைனரா? பொம்பளப் புள்ளைக்கு என்னாத்துக்கு ஆயி மைனர் வேலை?"

2013இல் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது பாட்டி கேட்டது இது. பாட்டியின் அகராதியில் மைனர் என்றால் பட்டு ஜிப்பா, கழுத்தில் தடிமனான சங்கிலி, வாயில் வெற்றிலை, அப்பன் சொத்தை அழிக்கும் கை. மேஜர் கணக்கியல், மைனர் திரைப்படம் என்று நான் விளக்கியதும் அவருடைய சந்தேகம் உறுதியாகிவிட்டது. சினிமாவும் மைனரும் சேர்ந்தால் குடும்பம் விளங்குமா?

அப்பா அந்தளவுக்குப் போகவில்லை. பிறை தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "படம் பாக்குறதுக்குப் பணம் கட்டிப் படிக்கணுமா? ஆஸ்ட்ரோவுக்கு மாசாமாசம் நான் கட்டுறேன்ல, அதுல பாரேன்." அதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு நீளும்.

எழுதத் தூண்டியவள் சித்தி மகள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வு முடித்துவிட்டுப் பல்கலைக்கழகப் பட்டியல்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் செபராங் ஜெயாவில் எங்கள் வீட்டு முன் ஐந்தடி நடையில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, நீங்க எடுத்தீங்கள்ல, அந்த பிலிம் மைனர், அத எடுக்கலாமா?" என்றாள். நானும் வாயைத் திறந்தேன். இரண்டு மணி நேரம் பேசினேன். அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை என்று அவள் போன பிறகுதான் உறைத்தது.

நான் படித்தது கோலாலம்பூர் பக்கத்தில். பெயர் வேண்டாம், கீழே இரண்டு புகார்கள் வரப்போகின்றன. கணக்கியல் மாணவர்களும் வேறு துறையில் ஆறு பாடம் எடுத்தால் சான்றிதழில் மைனர் என்று ஒரு வரி சேரும். என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் நிர்வாகவியல் எடுத்தார்கள். எனக்கு அந்தப் பாடம் நேர அட்டவணையில் மோதியது. மோதாமல் இருந்தவை இரண்டுதான்: ஜப்பானிய மொழி, திரைப்படம். கலைத்தாகம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நடந்தது என்னவோ செவ்வாய்க்கிழமை மாலை காலியாக இருந்ததுதான்.

முதல் வகுப்பில் விரிவுரையாளர், இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யிலிருந்து பத்து நிமிடம் போட்டார், ஒலியை நிறுத்திவிட்டு. 1953இல் வந்த ஜப்பானியப் படம். கிழவனும் கிழவியும் ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் பட்டணம் போகிறார்கள், அவ்வளவுதான் கதை. "பார்த்ததை எழுதுங்கள்" என்றார். நான் கதையை எழுதினேன். ஒலியில்லாமலே கதை புரிந்துவிட்ட பெருமை வேறு. தாளைத் திருப்பித் தந்தபோது ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: கேமரா எங்கே இருந்தது?

எனக்குத் தெரியவில்லை. ஆயிரம் படம் பார்த்திருப்பேன். ஒரு படத்திலாவது கேமரா எங்கே இருந்தது என்று நான் கவனித்ததில்லை. மறுபடி போட்டார். கேமரா தரையில் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளி பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்து பார்ப்பது போல, ஏறக்குறைய அந்த உயரத்தில். அது தெரிந்த பிறகு கதையே வேறாகிவிட்டது. பெற்ற பிள்ளைகள் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் இருக்கிறார்கள், கிழவனும் கிழவியும் நம்மோடு சமமாகத் தரையில் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை என்பதை வசனம் சொல்வதற்கு முன்பே அவர்களுடைய முழங்கால்கள் சொல்லிவிட்டன.

அன்றிலிருந்து என்னோடு படம் பார்ப்பது வீட்டில் யாருக்கும் பிடிக்காமல் போனது.

இனி கணக்குப் பிள்ளையின் கதை. இரண்டாவது பாடத்தில் ஒரு பயிற்சி இருந்தது: ஏதாவது ஒரு காட்சியை எடுத்து, எத்தனை ஷாட், ஒவ்வொன்றும் எத்தனை விநாடி என்று எண்ண வேண்டும். மற்றவர்கள் முனகினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை, சந்தோஷத்தில். எக்செல் திறந்து பத்தி பத்தியாகப் போட்டேன். சராசரி, இடைநிலை, நீளமான ஷாட், குட்டையான ஷாட். ஒரு பழைய கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படத்தின் பாட்டையும் அப்போது வந்த ஒரு படத்தின் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பழையதில் நாயகி ஒரு தூணிலிருந்து இன்னொரு தூணுக்கு நடந்து போகும் வரை கேமரா பொறுமையாகக் கூட வந்தது. புதியதில் அவள் ஒரு அடி வைப்பதற்குள் நான்கு முறை வெட்டியிருந்தார்கள். நடனம் ஆடியது அந்தப் பெண்ணா எடிட்டரா என்று என் குறிப்பில் எழுதினேன். அதற்கு ஒரு சிரிப்பு முகம் வரைந்திருந்தார் விரிவுரையாளர்.

பிறகுதான் சொன்னார், இப்படி ஷாட்டுகளை எண்ணிப் புள்ளிவிவரமாக்கும் முறைக்கு வழி போட்டவர் பாரி சால்ட் என்று. ஆள் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அவருடைய புத்தகம் 1983இல் வந்தது. படம் எப்படி மாறியது என்று ஆளாளுக்கு உணர்ச்சியாகப் பேசிக்கொண்டிருந்தபோது, கொஞ்சம் பொறுங்கள், எண்ணிப் பார்க்கலாம் என்றவர். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. ஆடிட்டர் புத்தி!

அதோடு ஒரு கேள்வியும் பிடித்துக்கொண்டது. சினிமாவைப் பற்றி உருப்படியாக எழுதியவர்கள் யாராவது சினிமாவை மேஜராகப் படித்தவர்களா? தேடத் தேட வேடிக்கையாக இருந்தது. 1916இலேயே திரைப்படத்தைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதிய ஹூகோ முன்ஸ்டர்பெர்க், ஹார்வர்டில் உளவியல் பேராசிரியர். கிராக்கவர் கட்டடக்கலை படித்தவர். ஐசென்ஸ்டைன் சிவில் இன்ஜினியரிங் மாணவர். சரி, அது வெள்ளைக்காரன் கதை, அப்போது படிக்கச் சினிமாத் துறையே கிடையாது என்று விடலாம். நம் பக்கம் என்ன?

நம் பக்கம் இன்னும் வேடிக்கை. தமிழ் சினிமா வரலாற்றைப் படிக்க நினைக்கும் எவரும் முதலில் போய் நிற்கும் வாசல் தியடோர் பாஸ்கரன். அவர் இந்திய அஞ்சல் துறை அதிகாரி! தபால் வேலை பார்த்துக்கொண்டே தேசிய இயக்கமும் நாடகமும் சினிமாவும் பின்னிக்கொண்ட கதையைத் தோண்டி 1981இல் ஒரு நூலாக்கினார். மிச்ச நேரத்தில் காட்டுயிர் பற்றி எழுதினார். அதே 1981இல் தமிழ்ப்படம் ஓர் அரசியல் ஊடகம் என்று எழுதிய கார்த்திகேசு சிவத்தம்பி, யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பேராசிரியர், சங்க காலத்திலிருந்து பிடித்துக்கொண்டு வருகிறவர். எம்.ஜி.ஆர். பிம்பத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்த எம்.எஸ்.எஸ். பாண்டியன் பொருளாதாரக்காரர். மதுரை ரசிகர் மன்றங்களைப் பற்றி 1993இல் நூல் எழுதிய சாரா டிக்கி மானிடவியலாளர். ஒருவர் கூடச் சினிமாத்துறை ஆள் இல்லை. நம்முடைய சினிமாப் படிப்பே ஒரு மைனர் படிப்புதான். வேறு வீட்டில் பிறந்து, இந்த வீட்டுக்குள் பக்கத்துக் கதவு வழியாக வந்தவர்கள் கட்டியது.

பாண்டியன் நூலை நான் கணக்கியல் நூல் போலத்தான் படித்தேன். 1992இல் வந்தது அது. ரசிகர் பைத்தியம் என்று ஒதுக்காமல், எம்.ஜி.ஆர். ஆட்சியில் அரசுக்கு வருமானம் யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போனது என்று முதலில் பார்க்கிறார். ஏழைகள் குடித்த சாராயத்தின் வரி ஒரு பக்கம், அதிலிருந்து அவர்களுக்குத் திரும்பி வந்தது ஒரு பக்கம். வரவும் செலவும் ஏழைக்குச் சாதகமாக இல்லை என்று காட்டிவிட்டு, அப்படியிருந்தும் ஏன் அந்த ஏழைகள் அவரை விடவில்லை என்று திரைக்குப் போகிறார். வரவு செலவு பார்க்கத் தெரியாதவருக்கு அந்தக் கேள்வியே வந்திருக்காது. திரைக்குப் போகாதவருக்குப் பதில் வந்திருக்காது.

சிவத்தம்பி சொன்ன ஒன்றுதான் என் படிப்பையே திசை திருப்பியது. தமிழ்நாட்டில் எல்லாச் சாதிக்காரரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் நிகழ்ச்சிக் கூடம் சினிமாக் கொட்டகை என்பது அவர் கருத்து. யார் எங்கே உட்காருவது என்பதை அங்கே பிறப்பு முடிவு செய்யவில்லை, டிக்கெட் விலை முடிவு செய்தது. ஒரு டிக்கெட் விலைப்பட்டியலை இப்படியும் படிக்கலாமா என்று அசந்து போனேன். விலைப்பட்டியல்களோடு குடித்தனம் நடத்துகிறவள் நான்.

அந்தச் செமஸ்டர் விடுமுறையில் ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகப் பாட்டியைப் பிடித்துக்கொண்டேன். "பாட்டி, நீங்க சின்ன வயசுல படம் பார்த்தப்ப டிக்கெட் எவ்வளவு?"

"டிக்கெட்டா? எஸ்டேட்டுல ஏது டிக்கெட்?"

பாட்டி பத்து காவான் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இன்றைக்கு அங்கே இரண்டாவது பாலம், தொழிற்சாலைகள், பெரிய பேரங்காடி. அன்றைக்குப் பால்மரமும் தொழிலாளர் லயமும்தான். மாதத்துக்கொரு தரம், சில சமயம் இரண்டு மாதத்துக்கொரு தரம் படம் வரும். திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். மலாய்க்காரர்கள் வாயாங் பாச்சாக் என்று சொல்வது இதைத்தான். தகவல் இலாகா வேனும் வருமாம், அரசாங்கச் செய்திப் படங்களோடு. 1946இல் தொடங்கிய மலாயன் பிலிம் யூனிட் எடுத்த படங்கள் அவை. 1948இலிருந்து 1960 வரை நீண்ட அவசரகாலத்தில் எஸ்டேட், மலாய்க் கிராமம், புதுக்கிராமம் என்று எல்லா இடத்துக்கும் அந்த வேன்கள் போயின. "கம்னிசுக்காரனப் பத்தி என்னமோ காட்டுவானுங்க. நாங்க வாத்தியார் படம் எப்ப வரும்னு ஒக்காந்திருப்போம்." வாத்தியார் என்றால் எம்.ஜி.ஆர்.

"யார் யார் எங்கே உட்காருவாங்க?"

சிவத்தம்பியின் கேள்வியை என் பாட்டியிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. முன்னால் நாற்காலி போட்டுத் துரையும் துரையம்மாவும், வந்தால். அவர்களுக்குப் பக்கத்தில் எஸ்டேட் எழுத்தரான கிராணியின் குடும்பம். அடுத்த பெஞ்சில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர்கள். அதற்குப் பின்னால் தரையில் பால்வெட்டுக்காரர்கள், பாய் கொண்டு வந்தவர்களுக்குப் பாய். இடம் கிடைக்காதவர்களும் பொடிசுகளும் திரைக்குப் பின்னால் போய்விடுவார்களாம்.

அப்போதுதான் பொறி தட்டியது. பட்டணத்துக் கொட்டகையில் காசு கொடுத்தவனுக்கு நாற்காலி. அங்கே பணம் செய்த வேலையைச் சாதியால் செய்ய முடியவில்லை. எங்கள் எஸ்டேட்டில் டிக்கெட்டே இல்லை, எல்லாம் இலவசம், அதனால் வேலையில் யார் எந்தப் படியோ படத்திலும் அந்தப் படிதான். திடலில் எஸ்டேட்டின் சம்பளப் பட்டியலே உட்கார்ந்திருந்தது. இலவசம் என்பது எப்போதும் சமம் ஆகிவிடாது. இதை அந்தப் பாடத்துக்கான கட்டுரையில் எழுதினேன். எழுதிய இடம் செபராங் ஜெயா நூலகம், அறிவுத்தாகத்தை விட ஏர்கண்டிஷனுக்காகப் போனது. தெருவுக்குத் தெரு மீன் பெயர் வைத்திருக்கும் இந்த ஊரில், தெங்கிரியும் தோடாக்கும் தாண்டி சைக்கிளில் போய் உட்கார்ந்து எழுதினேன்.

மதிப்பெண் பி. 'நாற்காலிகளைப் பற்றி அதிகம், திரையைப் பற்றிக் குறைவு' என்று குறிப்பு.

முன்பே சொல்லி வைத்த புகார்கள் இங்கே வரட்டும். முதல் புகார்: மூன்று ஆண்டில் அங்கே எனக்கு ஒரு தமிழ்ப் படம் கூடப் பாடமாக வரவில்லை. ஜப்பான் வந்தது, ஈரான் வந்தது, பிரான்ஸ் வந்து போகவே மனமில்லாமல் இருந்தது. தமிழ்ப் படத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றால் "வசன மொழிபெயர்ப்போடு கொண்டு வா" என்றார்கள். இரண்டரை மணி நேரப் படத்துக்கு நானே ஆங்கிலத்தில் வசனம் தட்டச்சு செய்த இரவுகள் உண்டு. இரண்டாவது புகார், இது மைனர் எடுக்கும் யாருக்கும் நேரும்: இரண்டு வீட்டிலும் நீங்கள் விருந்தாளிதான். கணக்கியல் பக்கம் "உனக்கென்ன, படம் பார்த்து மார்க் வாங்குற" என்பார்கள். சினிமா மேஜர் பிள்ளைகள் கோட்பாட்டுப் பெயர்களை அப்பளம் போல நொறுக்குவார்கள், நீங்கள் விழிப்பீர்கள். குழு வேலையில் படம் எடுக்கப் போனால் உங்களுக்குத் தரும் பொறுப்பு பட்ஜெட். நான் மூன்று குறும்படத்துக்கு நாசி லெமாக் கணக்குப் பார்த்தவள்.

இறுதி ஆண்டு ஆய்வுக்கு அந்த நாசி லெமாக் புத்தியையே பயன்படுத்தினேன். மலாய்த் திரையின் பெரிய நட்சத்திரம் பி. ரம்லியை எடுத்தேன். பினாங்குக்காரர், எங்கள் ஊர்ப் பிள்ளை, 1929இல் பிறந்தவர். ஜார்ஜ் டவுனில் அவர் வீடு இருக்கிறது. அப்பாவும் பெரியவர்களுமாகச் சேர்ந்து கட்டிய கிராமத்து மரவீடு, இப்போது காட்சிக்கூடம். பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி, பஸ் பிடித்துப் போனேன். அந்தச் சின்ன வீட்டில் நின்றபோது எனக்கு ஆச்சரியமூட்டியது ரம்லி அல்ல, அவரை நாயகனாக்கியவர்.

1950இல் வந்த 'பக்தி' படத்தில்தான் ரம்லி முதன்முதலாக நாயகன். அதுவரை பின்னணிப் பாட்டும் வில்லன் வேடமும்தான். படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன். மெட்ராசில் பிறந்து, சிறு வயதில் பினாங்குக்கு வந்து வளர்ந்த தமிழர். அன்றைக்குச் சிங்கப்பூரில் ஷா சகோதரர்களின் ஜாலான் அம்பாஸ் ஸ்டுடியோவில் மலாய்ப் படம் எடுத்தவர்களின் பட்டியலைப் பாருங்கள்: பி.எஸ். ராஜ்ஹன்ஸ், எஸ். ராமநாதன், கே.எம். பாஸ்கர், பி.என். ராவ், பணி மஜும்தார். பெரும்பாலானவர்கள் இந்தியாவிலிருந்து வரவழைக்கப்பட்டவர்கள். மலாய் தெரியாமல் மலாய்ப் படம் எடுத்தார்கள். கதையை ஆங்கிலத்தில் எழுதி மலாயில் மாற்றி வாங்கினார்கள். பாட்டு, கண்ணீர், தியாகம், மருமகளைப் படுத்தும் மாமியார் எல்லாம் அந்த வழியில் கப்பலேறி வந்தவை. கிருஷ்ணனுக்கு இருந்த வசதி, பினாங்கில் வளர்ந்ததால் மலாய்ப் பேச்சு காதில் ஏறியிருந்தது.

இதையே திருப்பிப் போட்டால் மெட்ராஸ். அமெரிக்காவில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்த எல்லிஸ் ஆர். டங்கன், கூடப் படித்த மாணிக்லால் டாண்டனின் அழைப்பில் 1935இல் இந்தியா வந்தார். ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல் 1936இல் 'சதி லீலாவதி' எடுத்தார், எம்.ஜி.ஆரின் முதல் படம். 'மீரா'வும் 'மந்திரி குமாரி'யும் அவர் பெயரில் உள்ளவை. அமெரிக்காக்காரன் தமிழ் தெரியாமல் எம்.ஜி.ஆரை இயக்குகிறான், மெட்ராஸ்காரன் மலாய் தெரியாமல் மலாய் நட்சத்திரங்களை இயக்குகிறான். பாஷை தெரியாதவன் கண்ணால்தானே வேலை செய்ய வேண்டும்? ஒலியை நிறுத்திவிட்டுப் படம் போட்ட என் விரிவுரையாளர் ஞாபகம் வந்தது. இதைச் சொன்னபோது "இது ஒரு நல்ல தற்செயல், ஆய்வு இல்லை" என்று வெட்டிவிட்டார். நியாயம்தான். ஆனாலும் எனக்கு இன்றும் அது தற்செயலாகத் தெரியவில்லை.

ஆய்வில் நான் செய்தது ஸ்டுடியோவின் வரவு செலவு. ரம்லி 1964இல் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூர் மெர்டேகா ஸ்டுடியோவுக்கு வந்தார், பிறகு அவருடைய படங்கள் முன்போல் ஓடவில்லை, 1973இல் 44 வயதில் இறந்தார். நம் ஆட்கள் இதை நட்சத்திரம் விழுந்த கதையாகத்தான் சொல்வார்கள். கணக்காகப் பார்த்தால் வேறு தெரிகிறது. ஷா நிறுவனம் படம் எடுப்பவர், கொட்டகை வைத்திருப்பவர், விநியோகிப்பவர் மூன்றும் தானே. படத்தில் நட்டம் வந்தாலும் கொட்டகையில் எடுத்துவிடலாம். 1963இல் தொலைக்காட்சி வந்தது. அதே ஆண்டு இந்தோனேசியாவோடு தொடங்கிய மோதலில் அந்த நாட்டுச் சந்தை கைவிட்டுப் போனது. ஸ்டுடியோவில் தொழிலாளர் தகராறு ஏற்கெனவே இருந்தது. கறுப்பு வெள்ளை மலாய்ப் படத்தைக் காட்டுவதை விட வெளியூர் வண்ணப் படத்தைக் காட்டுவது லாபம் என்று ஆனதும் 1967இல் ஜாலான் அம்பாஸ் மூடப்பட்டது. ரம்லியின் திறமை ஓர் இரவில் வற்றவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த பேரேடு மூடிவிட்டது. இதற்கு ஏ கிடைத்தது. முதல் தடவையாக இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் சாப்பிட்ட உணர்வு.

2015 டிசம்பரில் 'ஜகாட்' வந்தது. விடுமுறையில் இருந்தேன். அப்பாவை வலுக்கட்டாயமாக அழைத்துப் போனேன். மலாயில் ஜஹாட் என்றால் கெட்டது, அதை நம் ஆட்கள் உச்சரிக்கும் விதமே படத்தின் பெயர். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கியது. எஸ்டேட்டிலிருந்து பெயர்க்கப்பட்டுப் புறம்போக்குக் குடிசைகளில் ஒதுங்கிய குடும்பம், அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன், படி படி என்று அடிக்கும் அப்பா, கும்பலில் இருக்கும் ஒரு சித்தப்பா, போதையில் சிக்கிய இன்னொரு சித்தப்பா. பத்து வருடத்துக்கு முன்பே தீபக் குமாரன் மேனன் 'செம்மண் சாலை' எடுத்திருந்தார், எஸ்டேட்டிலிருந்து பல்கலைக்கழகம் போக ஆசைப்படும் பெண்ணைப் பற்றி. அது எஸ்டேட்டுக்குள் நடந்த கதை. ஜகாட் எஸ்டேட் கைவிட்ட பிறகு நடக்கும் கதை.

அப்பா படம் முழுக்கப் பேசவில்லை. ஆஸ்ட்ரோவில் ஓடும் படத்துக்கு நிமிடத்துக்கொரு வசனம் விடுகிறவர். காரில் ஏறிக் கொஞ்ச தூரம் வந்த பிறகு, "அந்தக் கதவத் தொறந்தா நேரா பக்கத்து வீட்டுச் சொவரு இருக்கும் பாத்தியா? நாங்க இருந்த வீடும் அப்படித்தான். ஆகாசமே தெரியாது" என்றார்.

என் மனதுக்குள் ஒரே கூச்சல். படம் பார்க்கப் பணம் கட்டிப் படிக்கணுமா என்று கேட்ட அப்பா, கேமரா எங்கே இருந்தது என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார்! குடிசைக்குள் கேமரா எப்போதும் இடுக்கில்தான் நின்றது, ஆகாயத்தைக் காட்டவில்லை என்று நான் என் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அவர் அந்த வீட்டில் வாழ்ந்ததால் பார்த்தார். நான் படித்ததால் பார்த்தேன். இரண்டில் எது மேல் என்று கேட்காதீர்கள்.

அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத படங்களுக்குத் தனி வரிசை என்று முதலில் அறிவித்தார்கள். மலாய்த் திரையுலகத்திலிருந்தே பலர் எதிர்த்தார்கள், நடிகரும் இயக்குநருமான அப்டலின் ஷவுகி போன்றவர்கள் வெளிப்படையாக. வரிசையை மாற்றினார்கள். ஜகாட் சிறந்த திரைப்பட விருது வாங்கியது. திரும்பவும் நாற்காலிப் பிரச்சினைதான், யார் முன் வரிசை, யார் தரை. என் பி கட்டுரையை எடுத்து ஒரு தரம் தடவிக் கொடுத்தேன்.

சித்தி மகளுக்கான பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படம் எடுக்கத்தான் ஆசை என்றால் மைனர் போதாது. கோலாலம்பூரில் கலைக் கல்விக்கூடமான அஸ்வாரா இருக்கிறது, பல பல்கலைக்கழகங்களில் முழுப் படிப்பு இருக்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் யு.எஸ்.எம். இருக்கிறது. 1969இல் தொடங்கியபோதே துறைகளுக்கு நடுவில் சுவர் எழுப்பாமல் பள்ளிகளாகப் பிரித்துக்கொண்ட பல்கலைக்கழகம் அது. ஜகாட் இயக்குநரும் அங்கே படித்தவர்தான். மைனர் எடுப்பது என்றால் உன் மேஜரைக் கூடவே எடுத்துக்கொண்டு போ, வாசலில் கழற்றி வைக்காதே. வேலைக்கு உதவுமா என்று சித்தி கேட்பார்கள். எனக்கு நேர்முகத் தேர்வில் "இது என்ன, பொழுதுபோக்கா?" என்று கேட்டார்கள். கணக்குத் தணிக்கை வேலையில் ஒருவர் கோப்பை நீட்டும்போது எதைக் காட்டுகிறார், எதைச் சட்டகத்துக்கு வெளியே வைக்கிறார் என்று பார்க்கும் பழக்கம் எனக்கு எந்த வகுப்பில் வந்தது என்று அன்றைக்கு அவர்களிடம் சொல்லத் தெரியவில்லை.

பாட்டி சொன்னதில் ஒன்றை மேலே விட்டுவிட்டேன். கட்டுரையிலும் எழுதவில்லை, எங்கே வைப்பதென்று தெரியாததால். 'நாடோடி மன்னன்' பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது சாதாரணமாகச் சொன்னார்: "வாத்தியாரு எடது கையாலதான கத்தி வீசுவாரு."

இல்லை பாட்டி, வலது கை என்றேன். பாட்டி விடவில்லை. எத்தனை படம் பார்த்திருக்கேன், எனக்குத் தெரியாதா என்றார். அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரும் முன்பு விளங்கிவிட்டது. துணிக்குப் பின்னால் உட்கார்ந்தால் வலது இடதாகும். "அப்ப எழுத்தெல்லாம் திரும்பித் தெரியுமே பாட்டி?" என்றேன். "எனக்கு எழுத்து நேரா இருந்தா என்னா, திரும்பி இருந்தா என்னா" என்றார்.

மடிக்கணினியில் படத்தைப் போட்டேன். எம்.ஜி.ஆரும் நம்பியாரும் மோதும் இடம் வந்ததும் நிறுத்தி, படத்தை இடம் வலமாகத் திருப்பும் பொத்தானைத் தேடி அழுத்தினேன். கத்தி இடது கைக்குப் போனது. பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆங். இதான்."

பிறகு கையை நீட்டி மடிக்கணினியின் முதுகைத் தட்டினார். "இதுக்கு அந்தப் பக்கந்தான் கிராணி நாற்காலி போட்டு ஒக்காந்திருப்பாரு."